கண் சாலையில், காது பாட்டில்!

மதுரையிலிருந்து தெற்கே போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, விருதுநகரைத் தாண்டியதும் சாத்தூரை நோக்கி நூல் பிடித்த மாதிரி நீண்டு கிடக்கிறது. இருபுறமும் கரிசல் பூமி. அங்கங்கே வேலிக் கருவேல மரங்கள். தூரத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். (இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் பட்டாசுத் தொழிற்சாலைக்கும் ‘ஆபீஸ்’ என்றுதான் பெயர்!) சாயங்கால வேளையில் அந்த ஆபீஸ்களிலிருந்து வேலை முடிந்து வரும் பெண்கள், கையில் தூக்குச்சட்டியோடு சாலை ஓரத்தில் நிற்கிறார்கள். வண்டிகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் குறுக்கே கடந்து ஊருக்குப் போக வேண்டும்.

இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு இரண்டு விரோதிகள் உண்டு. பகலில் வெயில், இரவில் தூக்கம். இரண்டுக்கும் சேர்த்து நம்மவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஒரே மருந்து, பாட்டு! லாரி, வேன், வாடகைக் கார், சொந்தக் கார், எதுவானாலும் சரி, சாவியைத் திருப்பியதும் முதலில் கை போவது பாட்டின் பக்கம்தான்.

முன்பெல்லாம் அதற்கு ஒரு குமிழைத் திருகினால் போதும். கோடைக்கானல் மலையிலிருந்து வரும் கோடை பண்பலை பாடும். இன்றைக்கோ காரின் நடுவில் ஒரு கண்ணாடித் திரை உட்கார்ந்திருக்கிறது. அதற்குள்ளே லட்சக்கணக்கான பாட்டுகள் இருக்கின்றன. கதைகள் இருக்கின்றன, செய்திகள் இருக்கின்றன, பக்திச் சொற்பொழிவுகள் இருக்கின்றன. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: வேண்டியதைத் தேடி எடுக்க நேரம்!

கடலைப் போல் கிடக்கும் இந்தச் சரக்கில், எதை முதல் பக்கத்தில் வைப்பது, எதை உள்ளே தள்ளுவது, டிரைவர் எந்த வழியாகப் போய்த் தன் பாட்டை எடுப்பது என்று தீர்மானிப்பதற்கென்றே இன்று ஒரு தொழில் இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள், இளம் பெண்கள். அவர்கள் ஒரு பொத்தானை இரண்டு அங்குலம் தள்ளி வைப்பதற்கும், சாத்தூர்ச் சாலையின் ஓரத்தில் தூக்குச்சட்டியோடு நிற்கும் பெண்மணிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு விநாடி

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர். அதாவது நல்ல நீளமான நான்கு பஸ்களை ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் அந்தக் கார் குருடாக ஓடியிருக்கிறது!

அமெரிக்காவில் வர்ஜீனியா தொழில்நுட்பக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 100 கார்களில் காமிராக்களைப் பொருத்தி, ஓட்டுகிறவர்கள் எங்கே பார்க்கிறார்கள், எப்போது தடுமாறுகிறார்கள் என்று கவனித்தார்கள். 2006-இல் வெளிவந்த முடிவு இது: கண் சாலையை விட்டு இரண்டு விநாடிக்கு மேல் விலகினால், விபத்தோ, மயிரிழையில் தப்பும் நிலையோ ஏற்படும் அபாயம் குறைந்தபட்சம் இரண்டு மடங்காகிவிடுகிறது.

இதைப் போன்ற ஆராய்ச்சிகளின் மேல்தான் 2013-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கார்த் திரைகளுக்குச் சில யோசனைகளை வகுத்தது. காருக்குள் எந்த வேலையானாலும் சரி, ஒரு முறை பார்ப்பது இரண்டு விநாடிக்குள் இருக்க வேண்டும். பல முறை பார்த்தாலும் எல்லாம் கூட்டி 12 விநாடிக்குள் அடங்க வேண்டும். அடங்காத வேலையை, வண்டி ஓடும்போது செய்ய முடியாதபடி பூட்டிவிட வேண்டும். தானாக ஓடிக் கொண்டே இருக்கும் எழுத்துக்களும் சினிமாக் காட்சியும் டிரைவரின் கண்ணெதிரே கூடவே கூடாது. இது சட்டமல்ல, யோசனைதான். ஆனாலும் உலகம் முழுவதும் திரை அமைப்பவர்களின் மேஜையில் இந்த ‘இரண்டும் பன்னிரண்டும்’ வாய்ப்பாடு மாதிரி நிற்கிறது.

நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம். 2022-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அந்த வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் முதலிடம், 64,105 விபத்துக்களோடு, நம் தமிழ்நாட்டுக்கு! எல்லாம் பாட்டுத் தேடியதால் வந்த வினை என்று யாரும் சொல்லவில்லை. வேகம், குடி, குழி என்று காரணங்கள் நூறு. ஆனால் இவ்வளவு நெருக்கடியான சாலைகளில், டிரைவரின் கண்ணை ஒரு விநாடி கூட வீணாக்க நமக்கு வசதியில்லை என்பது தெரிகிறதல்லவா?

குமிழிலிருந்து கண்ணாடிக்கு

காரில் பாட்டுக் கேட்பது புதிய பழக்கமல்ல. 1930-இல் சிகாகோ நகரத்தில் கால்வின் என்ற சகோதரர்கள் தங்கள் கம்பெனியின் கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். மோட்டாரில் பாடும் பெட்டி என்பதால் ‘மோட்டோரோலா’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் பிற்காலத்தில் கம்பெனிக்கே நிலைத்துவிட்டது. அந்தக் காலத்திலும், “பாட்டுக் கேட்டுக் கொண்டே ஓட்டினால் கவனம் போய்விடாதா?” என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு.

ஆனால் பழைய ரேடியோவில் ஒரு சௌகரியம் இருந்தது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. இடது பக்கக் குமிழ் சத்தத்துக்கு, வலது பக்கக் குமிழ் நிலையத்துக்கு என்று ஒரு வாரத்தில் கை பழகிவிடும். நடுவில் வரிசையாக நாலைந்து பொத்தான்கள். மூன்றாவது பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். நம் வீட்டுப் பெண்மணிகள் மின்சாரம் போன இருட்டில் அடுப்படிக்குள் போய், மேல் தட்டிலிருக்கும் தீப்பெட்டியைக் கைதடவி எடுத்து வருவதில்லையா? அந்த மாதிரி!

கண்ணாடித் திரையில் இந்த வித்தை பலிக்காது. எல்லா இடமும் ஒரே வழவழப்பு. விரலுக்கு அடையாளம் கிடையாது. கண்தான் வழிகாட்ட வேண்டும்.

1986-இல் ‘ப்யூக் ரிவியரா’ என்ற அமெரிக்கக் காரில் தொட்டால் வேலை செய்யும் திரையை முதன் முதலாக வைத்துப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வாங்கியவர்களோ, “சத்தத்தைக் குறைக்கக் கூடக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறதே!” என்று குறைப்பட்டார்கள். 1990-இல் அந்தத் திரை போய், பழைய பொத்தான்களே திரும்பி வந்தன.

ஆனாலும் காலச் சக்கரம் நிற்குமா? கைப்பேசி பெருகிற்று. திரை மலிவாயிற்று. 2012-இல் டெஸ்லா கம்பெனி 17 அங்குலத் திரையோடு ஒரு காரைக் கொண்டு வந்ததும், மற்றவர்களும் போட்டி போட்டுக் கொண்டு பொத்தான்களைப் பிடுங்கிப் போட்டார்கள்.

2022-இல் ‘வி பிலேகரே’ என்ற ஸ்வீடன் நாட்டு மோட்டார்ப் பத்திரிகை ஒரு வேடிக்கையான பரீட்சை வைத்தது. பதினோரு புதுக் கார்கள். கூடவே 2005-ஆம் வருஷத்துப் பழைய வால்வோ கார் ஒன்று. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி, ரேடியோவில் குறிப்பிட்ட நிலையத்தை வைப்பது உட்பட நாலு சின்ன வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். பொத்தான்களோடு இருந்த பழைய வால்வோவில் 10 விநாடியில் வேலை முடிந்துவிட்டது. அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. கடைசியாக வந்த புதுக் காரில் ஆன நேரம் ஏறக்குறைய 45 விநாடி. அதற்குள் அது ஓடிய தூரம் 1,372 மீட்டர்! ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் நம் பக்கத்தில் ஒரு கிராமமே வந்து போய்விடும்.

“உள்ளே எங்கேயோ இருக்கு, அண்ணாச்சி!”

தப்பு திரையில் மட்டும் இல்லை. திரைக்குள் வழி எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதில் பாதி இருக்கிறது. ஒரு கற்பனை செய்து பார்ப்போம். சிவகாசியில் பட்டாசுக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், மதுரையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிறார். வண்டி திருத்தங்கலைத் தாண்டுகிறது.

“தம்பி, பழைய பாட்டு ஏதாவது போடேன். சுசீலா பாட்டு!”

“இதோ, அண்ணாச்சி!”

தம்பியின் விரல் திரைக்குப் போகிறது. முதல் பக்கத்தில் ‘உங்களுக்காகவே’ என்று பத்துப் படங்கள். அத்தனையும் புதுப் படப் பாட்டு. அதைத் தள்ளினால் ‘இந்த வாரத்தின் வெற்றிகள்’. அதற்கும் கீழே சந்தா கட்டச் சொல்லி ஒரு விளம்பரம். பிறகுதான் ‘மேலும்’. மேலும் என்றால் ‘கலைஞர்கள்’. கலைஞர்கள் என்றால் அகர வரிசை.

“என்னப்பா, கிடைச்சுதா?”

“இருக்கு, அண்ணாச்சி. உள்ளே எங்கேயோ இருக்கு!”

“உள்ளே இருக்கிறது இருக்கட்டும்! முன்னாலே மாடு நிக்குது, பாரு!”

ஆறு இடத்தில் தொட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி என்று வையுங்கள். பன்னிரண்டு விநாடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமே ஆனாலும் 200 மீட்டர். மாடு மேல் தப்பில்லை. தம்பி மேலும் முழுத் தப்பில்லை. சுசீலாவை ஆறாவது அறைக்குள் கொண்டு போய் வைத்தவர் பதில் சொல்ல வேண்டும்.

நாலே நாலு தலைப்பு

இந்தக் கூத்தைத் தடுக்கத்தான் பெரிய கம்பெனிகள் ஒரு கட்டுப்பாடு கொண்டு வந்தன. 2014-இல் ஆப்பிள் கம்பெனி ‘கார்ப்ளே’ என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. அதே வருஷம் கூகுள் ‘ஆண்ட்ராய்டு ஆட்டோ’வை அறிவித்தது. கைப்பேசியைக் காரோடு இணைத்தால், அதிலுள்ள பாட்டுச் செயலி காரின் திரையில் தோன்றும்.

தோன்றும் என்றால், கைப்பேசியில் இருக்கும் அதே கோலத்தில் அல்ல. இங்கேதான் சூட்சுமம். செயலிக்காரர் தம் இஷ்டப்படி திரையில் சித்திரம் எழுத அனுமதி கிடையாது. தம்மிடம் உள்ள சரக்கை ஒரு மரத்தைப் போல் அடுக்கி ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். மரத்துக்கு ஒரு வேர், வேரிலிருந்து கிளைகள், கிளைகளில் இலைகள். இலையைத் தொட்டால் பாடும். கிளையைத் தொட்டால் இன்னும் உள்ளே போகலாம். அந்த மரத்தை எப்படித் திரையில் காட்டுவது, எழுத்து எவ்வளவு பெரிது, பொத்தான் எவ்வளவு பெரிது என்பதையெல்லாம் கார்த் திரையை ஆளும் அமைப்பே பார்த்துக் கொள்கிறது. கல்யாணத்துக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பது செயலிக்காரர். சமையல், பந்தி பரிமாறுவது எல்லாம் வேறொருவர் பொறுப்பு என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

நிபந்தனைகளைக் கேளுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள் பொதுவாக நான்குதான் இருக்கலாம். கைப்பேசியில் விரல் படும் இடத்துக்கு 48 புள்ளி அளவு போதும் என்று சொல்லும் கூகுள், காரில் 76 புள்ளி வேண்டும் என்கிறது; ஆடுகிற வண்டியில் விரல் குறி தப்பும் அல்லவா? சில கார்களில் வண்டி ஓடும்போது ஒரு பட்டியலில் 12 வரிகளுக்கு மேல் காட்டாது. சில படிகளுக்கு மேல் உள்ளே இறங்கவும் விடாது. ஓடும் வண்டியில் எழுத்துத் தட்டித் தேட முடியாமல் பூட்டிவிடுவதும் உண்டு.

“பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் தட்டக் கூடாதா? நானா வண்டி ஓட்டுகிறேன்?” என்று பல குடும்பத் தலைவிகள் கோபித்துக் கொள்வது காதில் விழுகிறது. நியாயம்தான், அம்மணி! ஆனால் தொடுகிற விரல் உங்களுடையதா, உங்கள் கணவருடையதா என்று பெரும்பாலான திரைகளுக்குத் தெரியாதே! அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பூட்டு.

ஆக, செயலி அமைப்பவர் முன்னால் நிற்கும் கேள்வி இதுதான்: ஒரு கோடிப் பாட்டு இருந்தாலும், வாசலில் நாலு கதவு, எந்த நாலு? முதலாளி, “புதுப் படத்தை முன்னால் வை, அதில்தான் வருமானம்” என்பார். விளம்பரப் பகுதி, “எங்களுக்கு ஓர் இடம்” என்று கேட்கும். ஓட்டுகிறவருக்கோ, அநேகமாகத் தேவைப்படுவது நேற்று பாதியில் விட்ட பாட்டும், தாமே பொறுக்கி வைத்த இருபது பாட்டும்தான். அந்த இரண்டையும் முதல் கதவுக்குப் பின்னால் வைத்தால், பாதிப் பேர் வேறு கதவைத் திறக்கவே வேண்டாம். எதை வைக்கலாம் என்பதை விட எதை எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறவரே இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்.

தமிழுக்கென்று ஒரு சங்கடம்

இந்த விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுந்தவை. தமிழில் தலைப்பு எழுதப் போனால் தனிச் சங்கடங்கள் முளைக்கின்றன.

முதல் சங்கடம், நீளம். ஆங்கிலத்தில் ‘ரீசண்ட்’ என்று ஒரு சிறு சொல்லில் முடிப்பதை நாம் ‘சமீபத்தில் கேட்ட பாடல்கள்’ என்று எழுதினால், அந்தச் சிறிய கட்டத்தில் ‘சமீபத்தி...’ என்று தொங்கும். ‘கேட்டவை’ என்றால் போதும். ‘எனக்குப் பிடித்த பாடல்கள்’ வேண்டாம், ‘பிடித்தவை’ போதும். ‘கேட்டவை’, ‘பிடித்தவை’, ‘படங்கள்’, ‘வானொலி’ என்று நாலு சொல். பாருங்கள், நாலு கதவும் தமிழிலேயே அழகாக முடிந்துவிட்டன!

இரண்டாவது சங்கடம், எழுத்துக் கணக்கு. ‘சிவகாசி’ என்பதில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூட நாலு என்று சொல்லும். கம்ப்யூட்டரைக் கேட்டால் ஏழு என்கிறது! சகரம் ஒன்று, அதன் மேல் ஏறும் இகரக் கொக்கி ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவது அதன் வழக்கம். நமக்கு ஆறெழுத்தான ‘விருதுநகர்’ அதற்குப் பத்து. இத்தனை எழுத்தோடு வெட்டு என்று ஆங்கிலக் கணக்கில் ஒருவர் கட்டளை எழுதி வைத்தால், கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில் என்று சொல் அங்கஹீனமாகிவிடும். அப்படிச் சிதைந்த சொல்லைப் புரிந்து கொள்ளக் கண் இன்னும் ஒரு விநாடி நிற்கும்.

மூன்றாவது சங்கடம், தலைப்பின் முதல் சொல். நம் பாட்டுத் தொகுப்புகளின் பெயர்களைப் பாருங்கள். ‘சூப்பர் ஹிட் இளையராஜா’, ‘சூப்பர் ஹிட் சோகப் பாடல்கள்’, ‘சூப்பர் ஹிட் டூயட்’! பக்திப் பாட்டுக்குப் போனால் வரிசையாக ‘அருள்மிகு’, ‘அருள்மிகு’, ‘அருள்மிகு’! வேறுபடுத்தும் சொல் கடைசியில் இருக்கிறது. திரையோ கடைசியைத்தான் வெட்டுகிறது. பன்னிரண்டு வரியும் ‘அருள்மிகு...’ என்றே நின்றால், இருக்கன்குடி மாரியம்மனைத் தேடுகிற பக்தர் எந்த வரியைத் தொடுவார்? ‘இருக்கன்குடி அம்மன்’ என்று ஊரை முன்னால் வைத்துவிட்டால் பார்வையிலேயே பிடிபடும். அம்மன் கோபித்துக் கொள்ள மாட்டாள்.

நான்காவது, ஒரே பெயரில் இரண்டு படங்கள். ‘பில்லா’ என்றால் 1980-ஆம் வருஷத்துப் படமா, 2007-ஆம் வருஷத்துப் படமா? ‘மாப்பிள்ளை’ என்றால் 1989-ஆ, 2011-ஆ? வருஷத்தைப் பக்கத்தில் போட வேண்டும். படத்தின் முகப்பையும் காட்ட வேண்டும். ரஜினியின் முகத்தையும் அஜித்தின் முகத்தையும் வேறுபடுத்த யாருக்கும் இரண்டு விநாடி ஆகாது!

சிவகாசியிடம் ஒரு பாடம்

பார்த்தவுடன் புரிய வைக்கும் கலைக்கு அமெரிக்கா வரையில் போக வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டத்திலேயே அதற்கு ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. சிவகாசி அச்சகங்களைத்தான் சொல்கிறேன்.

ஆடிப் பெருக்கு வந்தால் சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும். அந்தத் தினசரிக் காலண்டரின் தாள் ஒன்றைக் கிழித்துப் பாருங்கள். நடுவில் தேதி, கட்டை விரலை விடப் பெரிதாக. அதற்கு மேலும் கீழும் மாதம், கிழமை, கொஞ்சம் சிறிதாக. ஓரங்களில் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், அதை விடச் சிறிதாக. ஒரு சாணளவுத் தாளில் எவ்வளவு சரக்கு! ஆனாலும் கூடத்தின் மறு கோடியிலிருந்து பாட்டி, கண்ணாடி போடாமல், “இன்றைக்கு 14-ஆம் தேதி” என்று சொல்லிவிடுகிறாள். நல்ல நேரம் பார்க்க வேண்டியவர்கள் மட்டும் கிட்டே போகிறார்கள். எல்லோருக்கும் எப்போதும் வேண்டியது பெரிது; சிலருக்குச் சில சமயம் வேண்டியது சிறிது. கார்த் திரை அமைப்பவர்கள் பெரிய பெரிய புத்தகங்களில் படிக்கும் பாடம் இதுவேதான்.

தீப்பெட்டியின் மேல் ஒட்டும் படமும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் வந்து படத்தைச் சொல்லிக் கேட்கலாம்; கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பார். பட்டாசில் ‘சேவல் மார்க்’ என்றால் பெயரைப் படித்தா வாங்குகிறோம்? சேவலைப் பார்த்து வாங்குகிறோம்! திரையில் ஒரு தொகுப்புக்குப் படம் போடும்போதும் இதே கேள்விதான்: எழுத்தை மறைத்துவிட்டாலும் இது இன்னதென்று தெரியுமா? படத்துக்குள் இருபது முகங்களையும் நாலு வரி எழுத்தையும் அடைத்து வைத்தால் தெரியாது.

இன்னொரு குருவும் உண்டு. ஊருக்கு ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ‘பென் டிரைவில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று போர்டு வைத்திருக்கும் கைப்பேசிக் கடைக்காரர்! பாட்டுகளை அவர் அகர வரிசையிலா அடுக்குகிறார்? ‘ராத்திரிப் பயணம்’, ‘காதல் சோகம்’, ‘அம்மன் பாட்டு’, ‘கல்யாண வீடு’ என்று அடுக்குகிறார். வேன் டிரைவர் எந்த வேளையில், எந்தச் சவாரியில், எந்த மனநிலையில் இருப்பார் என்று அவருக்குத் தெரியும். ஆயிரம் பாட்டுக்கு ஏழெட்டுக் கட்டு. ஒன்றைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கவலையில்லை. டிரைவருக்கு வேண்டியது ஒரு பாட்டு அல்ல. தொடர்ந்து ஓடும் ஒரு வரிசை. இது தெரிந்தவர் கட்டுகிற மரத்தில் கிளைகள் குறைவாக இருக்கும். விரல் திரைக்குப் போகும் தடவையும் குறைவாக இருக்கும்.

கார்த் தொழிலில் சென்னை வட்டாரம் இந்தியாவின் பெரிய கேந்திரங்களில் ஒன்று. காருக்குள் ஓடும் கம்ப்யூட்டர் வேலைகளும் அங்கே ஏராளமாக நடக்கின்றன. சிவகாசியில் 1984 முதல் நடந்து வரும் மெப்கோ ஷ்லெங்க் போன்ற இன்ஜினீயரிங் கல்லூரிகளில் படித்துவிட்டு அந்த வேலைகளுக்குப் போக விரும்பும் பிள்ளைகள், ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒரு தினசரிக் காலண்டரையும் பெட்டியில் வைத்துக் கொண்டு போகலாம்.

வாயால் சொன்னால் போதாதா?

“தொடவே வேண்டாமே! ‘சுசீலா பாட்டுப் போடு’ என்று வாயால் சொன்னால் யந்திரம் கேட்டுக் கொள்ளாதா?” என்று கேட்கலாம். கேட்டுக் கொள்ளும். கண்ணுக்கு ஓய்வுதான். ஆனால் மனத்துக்கு?

அமெரிக்காவில் யூடா பல்கலைக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதைப் பரிசோதித்து 2015-இல் வெளியிட்ட முடிவு, கொஞ்சம் திகைக்க வைக்கிறது. யந்திரத்தோடு பேசி முடித்த பிறகும், சில கார்களில் 27 விநாடி வரை ஓட்டுகிறவரின் மனம் முழுசாகச் சாலைக்குத் திரும்பவில்லையாம்! அதிலும் யந்திரம் சொன்னதைத் தப்பாகப் புரிந்து கொண்டால் கேட்க வேண்டாம். நாம் ஒன்று சொல்ல, அது ஒன்று பாட, “இது இல்லை!” என்று நாம் கத்த, அது மரியாதையாக மன்னிப்புக் கேட்க... கண் சாலையில் இருந்தும் என்ன பிரயோசனம்? ஆகையால் பேச்சு நல்ல துணை. ஆனால் நாலு கதவையும் ஒழுங்காக வைக்க வேண்டிய கடமையிலிருந்து அது யாரையும் விடுவிக்காது.

ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் ‘யூரோ என்கேப்’ அமைப்பு, 2026 முதல் ஐந்து நட்சத்திரம் வாங்க ஆசைப்படும் கார்களுக்கு ஒரு புது நிபந்தனை போட்டிருக்கிறது. திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, கண்ணாடி துடைப்பான், ஹாரன், அவசர உதவி ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு உணரக் கூடிய உண்மையான விசை இருக்க வேண்டும். குமிழ்களுக்கு மறுபடியும் நல்ல காலம்! ஆனால் அந்த ஐந்தில் பாட்டு இல்லை. பாட்டுத் திரையில்தான் இருக்கப் போகிறது. ஆகவே அந்தத் திரையை அமைப்பவரின் பொறுப்பும் இருக்கத்தான் போகிறது.

நாம் செய்யக் கூடியது

நம் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. புதுக் கார் பார்க்கப் போகிறவர்கள் நிறத்தையும் மைலேஜையும் விசாரிப்பதோடு, வண்டியை நிறுத்தி வைத்தபடியே மூன்று பரீட்சை வைத்துப் பார்க்கலாம். திரையைப் பார்க்காமல் சத்தத்தைக் குறைக்க முடிகிறதா? ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அடுத்த பாட்டுக்குப் போக முடிகிறதா? எங்கேயோ உள்ளே போய் மாட்டிக் கொண்டால், ஒரே தொடலில் வாசலுக்குத் திரும்ப முடிகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் நல்ல திரை.

கைப்பேசியைக் கையில் பிடித்துக் கொண்டு பாட்டுத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தோடு சேர்த்திருக்கிறது. முதல் முறைக்கே ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறைக்கும் இடம் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு அது அதிக விலை.

எல்லாவற்றையும் விடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம், படிப்பு வேண்டாம். வண்டி வாசலில் நிற்கும்போதே, பிரயாணம் முழுவதற்குமான பாட்டு வரிசையைப் போட்டுவிட்டுக் கிளம்புவது! வழியில் அலுத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். தனியே போனால், விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு எப்படியும் நிறுத்தத்தானே போகிறீர்கள், அப்போது மாற்றிக் கொள்ளலாம்.

சாத்தூர்ச் சாலையில் பொழுது சாய்கிற நேரத்தில் கடந்து போகக் காத்திருக்கும் அந்தப் பெண்மணிக்கு, வருகிற காரில் என்ன பாட்டு ஓடுகிறது என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஓட்டி வருகிறவர் தன்னைப் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தால் போதும். நல்ல திரை என்பது அவருக்கு அந்தப் பார்வையை மிச்சம் பிடித்துக் கொடுக்கிற திரைதான்.